மேடா பள்ளமா

நான் சமைத்துக் கொண்டுபோன கோழிக்கறியில் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, “உறைப்பு வித்தியாசமா இருக்கு அண்ணை” என்றார் அவர். கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று கேட்டேன். “வித்தியாசம்” என்றார் மறுபடியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கோழிக்கறியைப் பற்றிப் பேச இவ்வளவு யோசனையா?

“கூடவோ குறையவோ எண்டு சொல்லுறதில என்ன கஷ்டம், தங்கச்சி?”

“ஒரு வாயில அது தெரியாது. இன்னொருக்காச் சாப்பிட்டால்தான் சொல்லலாம்.”

இன்னொரு துண்டை எடுக்கத்தான் இந்த வித்தையோ என்று நினைத்தேன். எடுத்தார், மென்றார், தண்ணீர் குடித்தார். பிறகு “கூட” என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய பாண் துண்டுக்குத் திரும்பிவிட்டார். சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். என்னைவிட ஆறேழு வயது இளையவர். கியூபெக்கில், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் என்ற பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த தெருவில் தகப்பனோடு குடியிருந்தார். சென்ட் லோரன்டில் ஒரே தொழிற்சாலையில்தான் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் நாலைந்து வருடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நல்லவரா, நெஞ்சில் ஈரம் இல்லாதவரா, என்மேல் இரக்கம் வைத்திருந்தாரா, அல்லது என்னை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லையா என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கும் அந்தக் குழப்பம்தான் காரணம்.

எங்கள் தொழிற்சாலையில் விமானப் பம்புகளுக்கு உள்ளே போகும் உலோக வளையங்களைச் செய்தார்கள். இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் ஒட்டிச் சுழலும். நடுவால் எண்ணெய் கசியக் கூடாது. கசியாமல் இருக்க வேண்டுமென்றால் முகம் மட்டமாக இருக்க வேண்டும். கையால் தடவியோ அடிமட்டம் வைத்தோ அறிய முடியாத அளவுக்கு மட்டம். அதற்காக நான் லாப்பிங் மெஷினில் நின்றேன். ஒரு பெரிய இரும்புத் தட்டு சுழலும். அதன்மேல் அரைக்கும் தூள் கலந்த கூழை ஊற்றுவோம். வளையங்கள் அதில் தேய்ந்து தேய்ந்து மட்டமாகும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் காதுக்குள்ளிருந்தும் சாம்பல் நிறத் தண்ணீர் வரும்.

அவர் இருந்தது சோதனை அறையில். அங்கே ஒரேயொரு மஞ்சள் நிற ஒளியை மட்டும் தரும் பெட்டி விளக்கு ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலத்தில் தடித்த வட்டக் கண்ணாடி ஒன்று, மரப்பெட்டிக்குள், துணியில் சுற்றி வைத்திருந்தது. அந்தக் கண்ணாடியின் அடிப்பக்கத்தைப்போல மட்டமான பொருள் தொழிற்சாலையிலேயே இல்லை என்பார்கள். வளையத்தைத் துடைத்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, மஞ்சள் விளக்குக்குக் கீழே பார்த்தால் வளையத்தின் முகத்தில் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடுகள் நேராக, ஒரே இடைவெளியில் நின்றால் முகம் மட்டம். வளைந்தால் மட்டமில்லை. எத்தனை கோட்டளவு வளைகிறது என்று எண்ணிச் சொல்வதுதான் அவருடைய வேலை. ஒரு கோடு என்றால் தலைமுடியின் தடிப்பில் இருநூறில் ஒரு பங்குகூட வராது. மூன்று கோடுவரை எங்களுக்கு அனுமதி.

அந்தக் கறுப்புக் கோடுகள் எங்கேயிருந்து வருகின்றன என்பது எனக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. வளையத்தில் கோடு இல்லை. கண்ணாடியிலும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மட்டும் வருகிறது. ஒருநாள் கேட்டதற்கு, “வெளிச்சமும் வெளிச்சமும் சேர்ந்து வாறது அண்ணை” என்றார். வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் இன்னும் வெளிச்சமாக அல்லவா இருக்க வேண்டும்? இருட்டு எப்படி வரும்? என்னைப் பேய்க்காட்டுகிறாரோ என்று நினைத்து, மெஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தக் கோடையில் அவருடைய மாதா கோயில்காரர்கள் பிரேரீஸ் ஆற்றங்கரைப் பூங்காவில் ஒன்றுகூடல் வைத்தார்கள். நான் பிள்ளையார் கோயில்காரன். ஆனால் ஆட்டிறைச்சிக்கறி என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். ஆற்றோரம் தண்ணீர் தேங்கி, ஆடாமல் நின்ற ஓர் இடத்தில் அவர் தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் சுகம் கேட்காமல், கையில் இருந்த இரண்டு கற்களையும் ஒன்றாக எறிந்தார்.

“பாருங்கோ.”

இரண்டு இடங்களில் வட்டம் வட்டமாக அலை கிளம்பி, நடுவில் ஒன்றையொன்று ஊடறுத்தது.

“அதில ஒரு இடம் அசையாமல் நிக்குது, தெரியுதோ? ஒண்டு மேல தூக்கேக்கை மற்றது கீழ இழுக்குது. இரண்டு அலையும் வந்துதான் இருக்கு. ஆனா தண்ணி அசையாது. அதுக்குப் பக்கத்தில பாருங்கோ, இரண்டும் ஒண்டாத் தூக்குது. அங்க இரண்டு மடங்கு ஆடுது.”

“அதுக்கும் கண்ணாடிக்கும் என்ன?”

“கண்ணாடியின்ர அடியில பட்டு ஒரு வெளிச்சம் திரும்புது. வளையத்தில பட்டு இன்னொண்டு திரும்புது. இரண்டாவது, நடுவில இருக்கிற காத்துக்குள்ளால போய் வரவேணும். அதால கொஞ்சம் பிந்தும். இரண்டும் காலொத்து வந்தால் வெளிச்சம். கால் மாறி வந்தால் கறுப்பு. நடுவில இருக்கிற காத்து அரை அலை கூடினால் அடுத்த கறுப்பு.”

“ஏன் அரை?”

“போய்த் திரும்பி வருதெல்லே. போகேக்கை அரை, வரேக்கை அரை.”

நான் இன்னும் இரண்டு கல் எடுத்து எறிந்தேன். இரண்டு அலைகளும் வந்தன. அந்த இடம் அசையவில்லை. கண்ணால் பார்த்தும் மனம் ஒப்பவில்லை. வந்த இரண்டும் எங்கே போயின?

“ஆனா கோடு ஒரு விஷயம் சொல்லாது அண்ணை” என்றார் அவர், கையைத் தட்டிக்கொண்டு எழும்பும்போது. “எவ்வளவு எண்டு சொல்லும். மேடோ பள்ளமோ எண்டு சொல்லாது. நடு உயர்ந்தாலும் கோடு வளையும், நடு பதிஞ்சாலும் வளையும். பாக்க இரண்டும் ஒரே மாதிரி.”

“அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

“ஒரு கரையில விரலால மெல்ல அமத்தவேணும். அமத்தின இடத்தைச் சுத்திக் கோடு வளைஞ்சால் மேடு. எதிர்ப்பக்கம் வளைஞ்சால் பள்ளம்.”

இதைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் எனக்குச் சொல்லித்தர விரும்பினாரா, வேறு ஒருவரும் கேட்காததால் ஆற்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

மனிதர்களையும் அவர் அப்படி ஒரு கரையில் அமத்திப் பார்ப்பார். என் மனைவி அப்போது வவுனியாவில் இருந்தாள். நான் இங்கே வந்து ஆறு வருடம். அவளை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்து, நாள் தவறாமல் மனைவியோடு கதைக்கிறவன் நான் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், “நேத்து அக்கா என்ன கறி வைச்சவவாம்?” என்று கேட்டார். அவ்வளவுதான். முதல்நாள் நான் போன் எடுக்கவில்லை. அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயிரைக் கலக்கத் தொடங்கினார். யாரிடமும் அதை ஒரு கதையாகச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

அவருடைய இந்தக் குணத்தால் ஒரு கல்யாணமே குழம்பியது. எங்கள் கட்டடத்தில் இருந்த ஓர் அம்மா, ரொறன்ரோவில் இருக்கும் தன் தமையனின் மகளுக்கு ஒரு பையனைப் பார்த்திருந்தார். பையன் இவருடைய கோயில், ஒரே தெரு. ஆள் எப்படி என்று விசாரிக்க அந்த அம்மா இவரிடம் போனார். எங்கள் ஆட்களிடம் இப்படி விசாரித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. “தங்கமான பெடியன்” என்று தொடங்க வேண்டும். அதிலிருந்து ஓர் இழை குறைந்தாலும் கேட்கிறவர் விளங்கிக்கொள்வார். இவர் சொன்னது இவ்வளவுதான்: “காலமை ஏழு இருபது பஸ் எடுக்கிறவர். ஞாயிறு பூசைக்கு வாறவர். பனிக்குள்ள என்ர அப்பா விழேக்கை ஒருக்காத் தூக்கிவிட்டவர். வேற ஒண்டும் நான் காணேல்லை.”

அந்த அம்மாவுக்கு மற்றவை எல்லாம் காதில் ஏறவில்லை. ‘வேற ஒண்டும் நான் காணேல்லை’ என்றால் என்ன அர்த்தம்? எதையோ மறைக்கிறாள். பையனுக்குக் குடியா? வேறு தொடர்பா? இரண்டு கிழமைக்குள் பேச்சு நின்றுபோனது. பையனின் தாய் கோயில் வாசலில் இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பத் தொடங்கினார். ஒரு மாலை வீதிச் சந்தியில் நின்றவரிடம் நான் நியாயம் கேட்கப் போனேன்.

“நல்ல பெடியன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?”

“நல்லவரோ எண்டு நான் காணேல்லையே அண்ணை. பஸ் எடுக்கிறதைக் கண்டனான்.”

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்து வைக்கவேணும் எண்டு எங்கட ஆக்கள் சும்மாவோ சொன்னவை?”

“அப்ப ஆயிரம் பொய் சொல்லுற ஆளிட்டை எல்லோ கேட்டிருக்கவேணும்.”

இதில் கோபமோ குத்தலோ இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. சமிக்கை விளக்கு மாறியதும் வீதியைக் கடந்து போய்விட்டார். யாராவது என்னைப் பற்றி இவரிடம் விசாரித்தால் என்ன சொல்வார் என்று நினைத்தபடி நான் நின்றேன். நினைக்க நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

சோதனை அறையில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. முட்டை வடிவத்தில் ஒரு மஞ்சள் நேரமணி வைத்திருந்தார். சமையலறையில் முட்டை அவிக்க வைப்பார்களே, அதுதான். வளையத்தின்மேல் கண்ணாடியை வைத்ததும் அதை இருபது நிமிடத்துக்கு முறுக்கிவிடுவார். அது ‘கிணிங்’ என்று அடிக்கும்வரை விளக்குக்குக் கீழே குனிந்தும் பார்க்க மாட்டார். பிரெஞ்சுக்காரர், வியட்நாம்காரர் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். “கைச்சூடு பட்டால் கண்ணாடியே வளைஞ்சு போகும். அது ஆறவேணும். ஆறாமல் பாத்தால் மேடு பள்ளமாத் தெரியும்” என்பார். கண்ணாடியை அவரைத் தவிர வேறு ஒருவரும் தொடக் கூடாது என்பது தொழிற்சாலையின் சட்டமும்கூட.

அடுத்த வருடம் மாசியில் ஒருநாள் உறைமழை பெய்தது. வீதி, மரம், பஸ் தரிப்பிடம் எல்லாம் பளிங்காகிக் கிடந்தன. எனக்கு ஒருவர் காரில் இடம் கொடுத்ததால் ஏழு மணிக்கே வந்துவிட்டேன். அவர் வரவில்லை. பஸ் ஓடவில்லை என்றார்கள். அன்றைக்கு நாற்பது வளையங்கள் ஓட்டி முடிக்க வேண்டும். எல்லாம் கடைசித் தேய்ப்பு; இதற்குமேல் தேய்த்தால் தடிப்புக் குறைந்து குப்பைக்குத்தான் போகும். எப்போதும் முதல் வளையத்தை ஓட்டி, அவரிடம் கொடுத்து, அவர் சொல்வதைப் பார்த்துத்தான் மெஷினைத் திருத்துவோம். மேடு என்றால் தட்டின்மேல் இருக்கும் பாரங்களை ஒரு பக்கம் தள்ள வேண்டும். பள்ளம் என்றால் மறுபக்கம். பிழையான பக்கம் தள்ளினால் உள்ள பிழை இன்னும் கூடும்.

ஒன்பது மணி இடைவேளைக்கு மனைவி அயல்வீட்டு போனுக்கு வந்து காத்திருப்பாள். அன்றைக்கு முக்கியமான அழைப்பு. நான் இந்தத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை செய்கிறேன் என்ற கடிதம் ஒன்று ஸ்பொன்சருக்குத் தேவைப்பட்டது. அது கந்தோரில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அந்தக் கிழமை கிடைத்துவிடும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்பதுக்கு முன்னர் மெஷினை ஓடவிட்டுவிட்டுப் போனால்தான் நிம்மதியாகக் கதைக்கலாம்.

அதனால் முதல் வளையத்தை ஓட்டி எடுத்துக்கொண்டு சோதனை அறைக்குள் போனேன். மரப்பெட்டி பூட்டியிருக்கவில்லை. குளிரில் விரல் விறைத்திருந்ததால் சுடுதண்ணீரில் கையை நன்றாகக் கழுவினேன். அந்தக் கையோடு கண்ணாடியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் துடைத்துத் துடைத்து, வளையத்தின்மேல் வைத்தேன். மஞ்சள் முட்டையை முறுக்கவில்லை. உடனே குனிந்து பார்த்தேன். மூன்றரைக் கோட்டளவு வளைவு. அவர் செய்வதைப்போலக் கரையில் விரலால் அமத்தினேன். கோடு எதிர்ப்பக்கம் வளைந்தது. பள்ளம். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவ்வளவுதானா இந்த வித்தை! கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். பாரங்களைத் தள்ளினேன். நாற்பதையும் ஏற்றினேன். ஒன்பது மணிக்கு மனைவியோடு கதைத்தேன். கடிதம் இந்தக் கிழமை வந்துவிடும் என்றதும் அவள் அழுதாள்.

பத்து மணிக்குப் பிறகு அவர் வந்தார். சப்பாத்தில் பனிக்கட்டி ஒட்டியிருந்தது. கார்ட்டியர்வில்லிலிருந்து பாதித் தூரம் நடந்திருக்கிறார். நாற்பதில் ஒன்றை எடுத்துத் துடைத்து, கண்ணாடியை வைத்து, முட்டையை முறுக்கினார். இருபது நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“ஐஞ்சு கோடு. மேடு.”

பள்ளமென்று நான் பார்த்தது என் கைச்சூடு கண்ணாடியில் செய்த பள்ளம். வளையம் முதலே மேடுதான். நான் அதை இன்னும் மேடாக்கியிருக்கிறேன். நாற்பதும் போயின.

“துணியை நான் மூண்டா மடிக்கிறனான்” என்றார். “இது இரண்டா மடிஞ்சு கிடக்கு. கண்ணாடியைத் தொட்டனீங்களோ அண்ணை?”

“இல்லை.”

ஒரு வளையத்தை எவ்வளவு நேரம் பார்ப்பாரோ அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்து ‘5, மேடு’ என்று எழுதினார். முதல் வளையத்தைச் சோதித்தவர் யார் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார்.

எங்கள் மேற்பார்வையாளரை எல்லோரும் ‘ஷெஃப்’ என்றுதான் கூப்பிடுவோம். கியூபெக்காரர், பெரிய உடம்பு. நாற்பது வளையமும் குப்பை என்றதும் அவருடைய கழுத்துச் சிவந்துவிட்டது. எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். அந்தப் பெண்ணின் பிரெஞ்சு என்னுடையதைவிட எவ்வளவோ நல்லது. அதனால் பதில் எல்லாம் அவர்தான் சொன்னார். முதல் வளையத்தை நீ பார்த்தாயா? இல்லை, நான் இன்னும் வந்து சேரவில்லை. அப்படியென்றால் யார் பார்த்தது? நான் காணவில்லை. கண்ணாடியை யாரோ எடுத்திருக்கிறார்கள், இல்லையா? துணியின் மடிப்பு மாறியிருக்கிறது. யார் மாற்றியது? நான் காணவில்லை. நேற்று மாலை பெட்டியைப் பூட்டினாயா?

“இல்லை” என்றார். அதையும் மற்றப் பதில்களைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

ஷெஃப் என் பக்கம் திரும்பினார். “நீ?”

கந்தோர் மேசையில் கிடந்த கடிதம் கண்ணுக்கு முன்னால் வந்தது. “ஷெ பா” என்றேன். தெரியாது என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வந்த நாளிலிருந்து கற்ற பிரெஞ்சில் எனக்கு நன்றாக வாயில் வரும் சொல் அது. அந்தப் பெண் என் பக்கத்தில்தான் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக்கும் கண்ணாடிக்கும் பொறுப்பு அவர். பெட்டியைப் பூட்டாதவரும் அவர். அவருடைய வாயாலேயே சொன்னார். இரண்டு கிழமையில் வேலை போய்விட்டது. அதற்கிடையில் என் கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது. கடைசி நாள் மஞ்சள் முட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லா நாளும் போல, “போட்டு வாறன் அண்ணை” என்றார். நானும் எல்லா நாளும் போலத் தலையாட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூடுதலாகப் பயமாக இருந்தது, எங்கே கடைசி நேரத்தில் சொல்லிவிடுவாரோ என்று.

அதற்குப் பிறகுதான் குழப்பம் என்னைப் பிடித்தது. என் நிலைமை அவருக்குத் தெரியும். கடிதத்துக்காக நான் கந்தோர் வாசலில் நின்றதைக் கண்டிருக்கிறார். அப்படியென்றால் என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டாரா? தகப்பனை வைத்துப் பார்க்கிற பெண், எனக்காகத் தன் வேலையைக் கொடுத்தாரா? அப்படி நினைக்கும் நாட்களில் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருக்கும். இல்லை, கோழிக்கறிக்கும் கல்யாணத்துக்கும் பேசிய அதே வாய்தானே? கண்ணால் காணாததைச் சொல்ல மாட்டேன் என்ற பிடிவாதம் மட்டும்தானா? அப்படி நினைக்கும் நாட்களில், அவருக்கு நான் ஒரு துணி மடிப்பு, அவ்வளவுதான் என்று தோன்றும். இன்னும் ஒன்று இருக்கிறது: என்னை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் அவர் எனக்குத் தந்த தண்டனையா? இதை நினைத்தால் நித்திரை வராது. எப்படிப் பார்த்தாலும் நடந்தது ஒன்றுதான், அவர் பேசவில்லை. எந்தப் பக்கம் வளைந்து பேசாமல் இருந்தார் என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த தெருவுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. ஒருமுறை அவருடைய தகப்பனைப் பலசரக்குக் கடையில் கண்டு, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். அந்தக் கோடையில் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

அடுத்த வருடம் மனைவி வந்து சேர்ந்தாள். வேலையிடத்துக் கதைகள் சொல்லும்போது அவரைப் பற்றியும் சொன்னேன். முட்டை மணி, கோழிக்கறி, குழம்பிய கல்யாணம் எல்லாம் சொன்னேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். “கண்ணாடிப் பெட்டியைப் பூட்ட மறந்திட்டுது. வேலை போட்டுது” என்றேன். “ஐயோ பாவம்” என்றாள் அவள்.

பின்னர் ஒரு சனிக்கிழமை. மனைவிக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கப் புவாண்ட்-கிளேரில் இருக்கும் பெரிய கடைத்தொகுதிக்குப் போயிருந்தோம். நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்து வாங்கில் அவர் இருந்தார். மடியில் சாப்பாட்டுப் பெட்டி. அருகில் உள்ள ஒரு பண்டகசாலையில் வேலை, மத்தியான இடைவேளைக்கு இங்கே வருவது என்றார். தலையில் இரண்டு மூன்று நரை. சுகம் விசாரித்தோம். நான் மனைவிக்கு அவரை அறிமுகம் செய்ததும், அவள் முகம் மலர்ந்து, “அட, அந்தக் கண்ணாடிப் பெட்டி பூட்ட மறந்த பிள்ளை நீங்களோ! இவர் உங்களைப் பற்றிக் கதைக்காத நாளில்லை” என்றாள்.

தரை பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

“ஓம் அக்கா” என்றார் அவர். “நான் பூட்டேல்லைத்தான்.”

மனைவி பக்கத்துக் கடைக் கண்ணாடியில் வைத்திருந்த சப்பாத்துகளைப் பார்க்க இரண்டடி தள்ளிப் போனாள். இத்தனை வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்ததை இப்போது கேட்காவிட்டால் ஒருநாளும் கேட்கப் போவதில்லை.

“தங்கச்சி, அண்டைக்கு என்னைக் காப்பாத்தத்தானே பேசாமல் நிண்டனீங்கள்?”

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். அவசரப்படவில்லை.

“கண்ணாடியைத் தொட்டது ஆர் எண்டு நான் காணேல்லை அண்ணை. காணாததை எப்பிடிச் சொல்லுறது?”

“அவ்வளவுதானோ?”

“எனக்கு அவ்வளவுதான்” என்றார். எழுந்து, மேலங்கியின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார். அதே பார்வை. “ஆனா நீங்கள் கண்டனீங்கள்தானே.”

குரலில் சூடு இல்லை. மனைவிக்குக் கையசைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். இவ்வளவு காலமும் அவரை அல்லவா மேடா பள்ளமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்! அவரில் குழம்புவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முதல் நாள் கோழிக்கறியிலிருந்து அவர் ஒரே மட்டம்தான். அன்று ஷெஃப் முன்னால் எங்கள் இருவரையும் ஒரே விரல்தான் அமத்தியது. தான் பூட்டாததை அவர் சொன்னார். நான் தொட்டதைச் சொல்லவில்லை.

மனைவி திரும்பி வந்திருந்தாள். அவளுடைய காதில் கடைசி வசனம் விழுந்திருக்கிறது.

“என்னப்பா கண்டனீங்கள்?”

“ஒண்டுமில்லை” என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. சப்பாத்தும் வாங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாள். வெளியே பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நெடுஞ்சாலை போனது, விமான நிலையம் போனது, சென்ட் லோரன்டில் எங்கள் தொழிற்சாலைப் பக்கமும் போனது. இருபது நிமிடத்துக்கு மேலாக இருக்கும்.

“கண்ணாடியைத் தொட்டது நான்” என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. உறைமழையிலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னேன். கடிதம் வருகிறது என்று நான் சொன்னதும் அவள் போனில் அழுத இடம் வந்தபோது, என் கையில் இருந்த தன் கையை எடுத்துக்கொண்டாள். முழுவதையும் கேட்டாள். என்னைத் திட்டுவாள், அல்லது எங்களுக்காகத்தானே செய்தீர்கள் என்று ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

“அந்தப் பிள்ளைக்கு எத்தினை மணிக்கு வேலை முடியும்?” என்று கேட்டுக்கொண்டே, பஸ்ஸை நிறுத்துவதற்கான மணியை அடித்தாள்.